பெருவிரலில் ஒட்டிய நெய்

அஞ்சு கறிச் சோறு தின்ற கையை எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் மதியம்வரை மணக்கும். நெய்யும் பட்டையும் புதினாவும் ஆட்டுக் கொழுப்பும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு விரலிடுக்கில் உட்கார்ந்திருக்கும் அந்த மணத்தைக் காப்பாற்றுவதற்காகவே, எங்கள் ஊர் தர்காவின் கந்தூரி விழா நாளில் கை கழுவாமல் ஓடி ஒளிகிற பெண்ணாக நான் இருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மூக்குக்குக் கீழே கையை வைத்தபடி நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த வாத்தியார், பிள்ளை ஆழ்ந்து யோசிக்கிறாள் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். என் அறிவைப் பாராட்டி இந்த உலகம் கொடுத்த ஒரே நற்சான்று அதுதான். அதுவும் நியாயமாகப் பார்த்தால் குருமாவுக்குச் சேர வேண்டியது.

கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிற ஊர் எங்களுடையது. மீனவர் தெருக்காரர்கள் புதுக் கயிறு திரித்துக் கொண்டுவந்து கட்டினால்தான் தர்காவில் கொடி ஏறும். கயிற்றைத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்குச் சப்ஜா விதை மிதக்கும் நன்னாரி சர்பத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். ‘மற்றவர்கள்’ வரிசையில் நான் மூன்று தடவை நின்று, மூன்றாவது தடவை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேறு யாரோ போலக் குரலை மாற்றிக் கேட்டபோதும், ஊற்றுகிறவர் என் பெயரைச் சொல்லித்தான் டம்ளரை நீட்டினார். தெருமுனைகளில் எண்ணெய்ச் சட்டி வைத்து, மேலே ஒற்றை இறால் ஒட்டிய ‘வாடா’வைப் பொரித்து எடுப்பார்கள். அந்த இறாலை முதலில் தின்றுவிட்டு, இறாலே இல்லையென்று கடைக்காரரிடம் அழுது இன்னொன்று வாங்கிய வரலாறும் எனக்கு உண்டு.

ஆனால் கந்தூரி என்றால் எனக்குச் ‘சஹன்’தான். ஈயம் பூசிய பெரிய செப்புத் தட்டு அது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் தொட வேண்டும், எதிராளி பக்கம் கை போகக்கூடாது, எல்லோரும் முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. ஒரே சஹனில் கைவைத்துவிட்டால் அப்புறம் அவர்களுக்குள் வேற்றுமுகம் இல்லை என்பார் உம்மா. பத்து வயது ஆகிவிட்ட பெண்பிள்ளை ஆண்கள் சாப்பிடும் முன்கூடத்துக்குள் வர முடியாது. எனக்கு ஒன்பது என்பதால், வருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றும் உத்தியோகம் கிடைத்தது. கை கழுவாமல் ஓடுகிறவளைப் பிடித்து ஊர்க் கையெல்லாம் கழுவ வைத்த வீடு அது. அந்த உத்தியோகத்துக்குச் சம்பளமாக வாப்பாவின் சஹனில் ஓரமாக இடுக்கி உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்தச் சஹனில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் பக்கிரிசாமி அண்ணன். திருவாரூர் போகும் வழியில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா உழுதார். பிள்ளை தங்காமல் போன அந்த அப்பா எங்கள் தர்காவில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் ‘பக்கிரி’ என்று பேர் வைத்தார்களாம். ஒவ்வொரு கந்தூரிக்கும் அவர் கொண்டுவரும் சீரகச் சம்பாவில்தான் எங்கள் வீட்டு நெய்ச்சோறு வேகும். சஹனைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் சோற்றின் நடுவே சுட்டுவிரலால் ஒரு வரப்புப் போடுவார். “இந்தாண்ட ஒன் வயலு, அந்தாண்ட என் வயலு பாப்பா. தண்ணி பத்தலன்னா மடையத் தொறந்துக்கலாம்” என்று வரப்பை ஓரிடத்தில் வெட்டித் தாளிச்சாக் குழம்பை என் பக்கம் ஓடவிடுவார். அந்த வாய்க்கால் வழியாக ஒரு நல்லி எலும்பும் மிதந்து வரும். வாப்பா பார்க்காததுபோல் இருப்பார். அந்த எலும்பை உறிஞ்சும் சத்தம் அடுத்த சஹனில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும் என்பதில் எனக்குப் பெருமை.

ஆட்சி மாறியிருந்த புதிது அது. டீக்கடை வாசல்களில் கறுப்பு சிவப்புக் கொடி, வயல் பக்கம் செங்கொடி. உழுகிறவன் பேரைத் தாலுகா ஆபீஸில் பதியப் போகிறார்கள், பதிந்துவிட்டால் அப்புறம் யாராலும் அவனை வயலைவிட்டு இறக்க முடியாது என்ற பேச்சு வந்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவசர அவசரமாகக் குத்தகைக்காரர்களிடம் ‘ராஜினாமா’ வாங்க ஆரம்பித்தார்கள். எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்காதே, பட்டணத்து முதலாளி வீட்டுப் பக்கமே போகாதே என்று செங்கொடிக்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அறுப்பு முடிந்த கையோடு கந்தூரி வந்தும், பக்கிரிசாமி அண்ணன் அரிசியை வேறொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, உடம்புக்கு முடியவில்லை, இந்த வருஷம் வர முடியாது என்று சொல்லியிருக்கிறார் என்பதுதான். என் நல்லி எலும்பு போயிற்றே என்று அழுதேன்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமு, கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நானே போய் அழைத்துவருகிறேன் என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம், இறங்கியதும் ஒரு சோடா, திரும்பும்போது இன்னொரு சோடா என்று பேசி முடித்துக்கொண்டு கிளம்பினேன். வரப்பில் இரண்டு தடவை வழுக்கி விழுந்து, சேறும் சகதியுமாக அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உடம்புக்கு முடியாதவர் ஏணியில் நின்று கூரை வேய்ந்துகொண்டிருந்தார். மாமு பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். நான்தான் பேசினேன். குருமாவுக்கு இரண்டு கிடா நிற்பதையும், ஒன்றுக்கு ஒரு கண் தெரியாததையும், அவர் வராவிட்டால் சஹனில் வரப்புப் போட ஆள் இல்லாமல் மாமு என் பங்கையும் தின்றுவிடுவார் என்பதையும் சொன்னேன். அவர் மனைவி உள்ளிருந்து வந்து, “இன்னிக்கி நீங்க போவ வேணாம், சொல்லிட்டேன்” என்றார். அண்ணன் என் சேற்றுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியைவிட்டு இறங்கினார்.

“புள்ள இம்மாந்தூரம் வந்து நிக்கிது. எப்புடி வல்லன்னு சொல்றது?” என்று சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார்.

அந்த நாள் சாப்பாட்டைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. அவர் வரப்புப் போட்டார், மடையைத் திறந்தார், ஒன்றுக்கு இரண்டாக நல்லி எலும்பு மிதந்து வந்தது. எல்லோரும் எழுந்தபின் நான் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்ற, அவர் கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார். மாமு ஒரு காகிதத்தையும் மைப் பெட்டியையும் கொண்டுவந்து பாயில் வைத்தார்.

என்ன இது என்று அண்ணன் கேட்டார். ஒன்றுமில்லை, சாகுபடியை நீயாக விட்டுக்கொடுத்ததாக ஒரு ராஜினாமா, பேருக்குத்தான், நீ பாட்டுக்கு உழுதுகொண்டிரு என்றார் மாமு. அண்ணன் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை, வாப்பாவைப் பார்த்தார்.

“மொதலாளி வாயால சொல்லட்டுங்க.”

வாப்பா காலியான சஹனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எங்கள் வரப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

“போடு பக்கிரி” என்றார்.

அண்ணன் பெருவிரலை நீட்டினார். மாமு மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினால் ரேகையே விழவில்லை. வெறும் கறுப்புத் திட்டாக வழுக்கியது. இன்னொரு தடவையும் அப்படியே. நெய் இன்னும் போகவில்லை, சீயக்காய்த் தூள் எடுத்து வா என்று மாமு என்னை விரட்டினார். நான் ஓடிப்போய் எடுத்துவந்து, அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, என் இரண்டு கையாலும் அந்தப் பெருவிரலைத் தேய்த்தேன். முரட்டு விரல், நகத்தோரம் வெடித்திருந்தது. கூட்டம் கூடியிருந்தால் எதையாவது சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. “அண்ணனோட பெருவெரலுக்கு இன்னும் பசி அடங்கல வாப்பா, நெய்ய விட மாட்டேங்குது” என்றேன். மாமு சிரித்தார், பக்கத்துச் சஹன்காரர்கள் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். வாப்பா மட்டும் எழுந்து உள்ளே போனார். என் வாழ்க்கையில் நான் சொன்ன நகைச்சுவைகளில் அவ்வளவு நன்றாக எடுபட்டது வேறு இல்லை.

மூன்றாவது தடவை ரேகை சுத்தமாக விழுந்தது.

அன்று சாயங்காலம் உம்மா வாப்பாவிடம், “ஒரே சஹன்ல கைவச்ச மனுசன்ட்டயா வாங்குனீங்க?” என்று கேட்டார். எல்லாம் ஒன் தம்பி யோசனை என்றார் வாப்பா. உம்மா சஹனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சஹனைத் தேய்க்கிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. மாமு சொன்ன ‘பேருக்குத்தான்’ அடுத்த நடவுவரைகூட நிற்கவில்லை. பக்கிரிசாமி அண்ணன் வயலில் இறங்கினால் அவர் பேர் பதிவாகிவிடும் என்று வேறு ஆள் வைத்து, போலீஸ்காரர் இரண்டு பேர் வரப்பில் நிற்க, நட்டார்கள்.

மறு வருஷக் கந்தூரியில் தர்கா முற்றத்தில் இலை போட்டு ஊருக்கெல்லாம் சோறு போட்டபோது வரிசையில் அவரைப் பார்த்தேன். வேண்டுதல் பிள்ளையாயிற்றே, அவரால் வராமல் இருக்க முடியாது. அவர் இலையில் வரப்பு இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பத்து வயதாகியிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து செம்பை எடுத்துக்கொண்டு யார் கூப்பிட்டும் நிற்காமல் ஓடினேன். அவர் எழுந்ததும் செம்பைச் சாய்த்தேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கோபமாக இல்லை, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் பேசினார்.

“வேணாம் பாப்பா. இனிமே நானே கழுவிக்கிறேங்க.”

அதுவரை அவர் என்னிடம் ‘ங்க’ போட்டதில்லை. கடற்கரைப் பக்கம் நடந்து போனார்.

வாப்பா அந்த நிலத்தின் அரிசியைப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சில வருஷத்தில் விற்றுவிட்டார். போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். வரப்புகளைக் காணோம், மஞ்சள் அடித்த மனைக்கற்கள்தான் வரிசையாக நின்றன. ஒரு கல்யாணத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அங்கே சஹன் இல்லை, ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு கரண்டி. எங்கே சஹன் என்று கேட்டதற்கு, “அடுத்தவங்க கை படுமே பெரிம்மா” என்றாள் தங்கை மகள்.

சாப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்து குழாயடிக்குப் போனேன். எப்போதும் அப்படித்தான், சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, பெருவிரலை மட்டும் தனியாக மூன்றாவது தடவை தேய்ப்பேன். என்னை ரொம்பச் சுத்தக்காரி என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள்.