சாரலில் நாய்க்குக் குடை

போன மாதம் பத்து நாள் நான் ஒரு நாய்க்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவே ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது.

லட்டு எங்கள் வீட்டு நாட்டு நாய். வயது இரண்டு. போன வருடம் ஆறு குட்டி போட்டாள். அந்த ஆறுக்கும் வீடு தேடி நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே... அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்தாலே சொந்தக்காரர்கள் போனை எடுப்பதில்லை. ‘இனிமே ஆவாது’ என்று மனைவி சொல்லிவிட்டாள். கருத்தடை ஆபரேஷன் முடிவானது. லட்டுவிடம் யாரும் கேட்கவில்லை என்பதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் நான் ஆஸ்பத்திரி வாசலில் நடந்த நடைக்குப் பண்பொழி மலையை இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கலாம். வெளியே வந்த டாக்டரம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

“பத்து நாள் தையல்ல ஈரம் படக்கூடாது சார். சீழ் வச்சிட்டா மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல். பாவம், அது தாங்காது.”

பத்து நாள். ஈரம் கூடாது. தென்காசியில். சாரல் சீசனில்!

ஊர் உலகமே வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு நனைய வருகிறது. நான் மட்டும் ஒரு ஜீவனைக் காயவைத்துக்கொண்டிருக்க வேண்டும். சீசனுக்கு முன்பே செய்திருக்கலாமே என்கிறீர்களா? வெயில் காலம் முழுக்க ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று தள்ளிப்போட்ட மகான் யார் என்று நினைக்கிறீர்கள்?

தையலை நக்காமல் இருக்க, என் பழைய பனியனில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டோம். என்னைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகமாட்டாள். மானஸ்தி. எதிரே இருக்கும் காலி மனைக்குத்தான் போவாள். ஆகவே ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் குடை... தினம் நாலு வேளை.

எதிர்வீட்டு காதர் மைதீன், துபாயிலிருந்து லீவில் வந்திருப்பவர். சாரலில் நனைவதற்கென்றே லீவை சீசனுக்கு மாற்றி வாங்கியவர். வாசலில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு கேட்டார்:

“என்ன அண்ணாச்சி, மகாராணி ஊர்வலமா? குடை அவளுக்கு, சாரல் ஒங்களுக்கா?”

“ஒமக்கென்ன ஓய், தையலா போட்டிருக்கு? நல்லா நனையும்.”

ஐந்து நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. ஆறாம் நாள் காலை, காலி மனையில் நிற்கும்போது மலைப்பக்கமிருந்து ஒரு காற்று. கூடவே பூப்பூவாய்ச் சாரல் முகத்தில் விழுந்தது. எங்கள் ஊர்க்காரன் அப்போது என்ன செய்வான்? அண்ணாந்து கண்ணை மூடுவான். நானும் மூடினேன். அரை நிமிடம்... இருக்கும்.

கண்ணைத் திறந்தால் — லட்டு ஈரப்புல்லில் மல்லாக்கக் கிடந்து, நாலு காலும் மேலே தூக்கி, வயிற்றைச் சாரலுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே?

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பனியனைப் பிழிந்தால் ஊற்றும். தையலின் ஒரு ஓரம் சிவந்திருந்தது.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னிய?” என்றாள் மனைவி.

“...வானத்த.”

அவள் பனியனைக் கழற்ற ஆரம்பித்தாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “உடனே சுத்தமான, காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. சூடு காட்டாதீங்க. சிவப்பு கூடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க” என்றார்.

காய்ந்த துணி! ஐயா, ஆனி மாதத்தில் தென்காசியில் காய்ந்த துணிக்கு எங்கே போவேன்? ஹாலில் கட்டிய கொடியில் தொங்கிய பதினோரு துண்டையும் தொட்டுப் பார்த்தேன். அத்தனையும் நாலு நாளாகக் காய்ந்துகொண்டே இருப்பவை. பீரோவைத் திறந்தாள் மனைவி. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுவேட்டி ஒன்று கிடைத்தது. தயங்காமல் ஒத்தி எடுத்தாள். பனியனுக்கும் முடிக்கும் என்ன செய்வது? ஹேர் டிரையர் என்ற பொருளை எங்கள் வீட்டில் வாங்கியதே இல்லை — என் தலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு காதர் மைதீன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். இப்போது சிரிக்கவில்லை. போனவர், கைலி மடிப்பில் எதையோ ஒளித்துக்கொண்டு திரும்பினார். பளபளவென்று ஒரு துபாய் ஹேர் டிரையர்!

“கூல்னு ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்குங்க. எங்க வீட்டுல ஆசையா கேட்டு வாங்குனது அண்ணாச்சி. நாய்க்குன்னு தெரிஞ்சா, லீவு முடியுமுன்னே என்னய பிளேன்ல ஏத்தி விட்டுருவா.”

அடுத்த நாலு நாள் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பனியனைத் தூக்கிப் பார்ப்பேன். சிவப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா... பார்த்துப் பார்த்து எனக்கே எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. லட்டுவோ, ஒவ்வொரு தடவையும் வாலை ஆட்டினாள். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. திட்டினால்கூடத் தேவலை.

பத்தாம் நாள் டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

“அருமையா ஆறியிருக்கே! இந்த சீசன்ல எப்படி சார் இவ்வளவு காய வச்சீங்க?”

சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் லட்டு காலி மனைக்குப் பாய்ந்தாள். குடையை மடக்கி வைத்துவிட்டு நானும் போய் நின்று ஆசை தீர நனைந்தேன்.

ஹேர் டிரையரைத் திருப்பிக் கொடுக்கப் போனால், நாய்முடி ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு காதர் மைதீன் வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டில் அது தொலைந்துபோனதாகத்தான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள்... அந்த வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.