என் தங்கையின் 10.8

என் கைபேசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் தொடங்கியது. பள்ளியில் கட்டாயமாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவை என்பது தலைப்பு. நீச்சல். எங்கள் பள்ளி கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது, வகுப்பில் நீந்தத் தெரிந்தவள் ஒருத்திதான். அமோனியா வாடை அடித்தால் காற்றைப் பார்த்து எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பது. வீட்டுக்குள் ஏறிய மழைத்தண்ணீர் வடிந்த பிறகு மெயின் சுவிட்சை எப்போது போடலாம் என்பது. ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தால் முதல் வாக்கியம் என்ன என்பது. இப்படிப் பதினேழு. பதினாறை யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். முதலில் எழுதியதை மட்டும் யாரிடமும் காட்டியதில்லை. அது இதுதான்: கண்ணால் பார்த்ததை எழுதுவது.

அந்த ஒன்றைத்தான் என் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்த அதே திருவொற்றியூர் அரசுப் பள்ளியில், அதே இயற்பியல் ஆய்வகத்தில், ஒரு கால் ஆடும் அதே ஸ்டூல்களில். எனக்கு என் தங்கை மேல் பொறாமை. வேறு கௌரவமான சொல் ஏதாவது பொருந்துமா என்று பார்த்தேன். பொருந்தவில்லை.

அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள், பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தரையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். தனி ஊசல். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது முறை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று புத்தகத்திலேயே இருக்கிறது. என் தங்கை 10.8 என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

"இது தப்பு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சே எழுதி வெச்சிருக்கியா? வெளிய இருந்து எக்சாமினர் வருவாங்க. பரண் மேல என் ரெக்கார்டு கீது, எடுத்துப் பாத்து மாத்திக்கோ."

"உன்னுதுல எவ்ளோ?"

"9.79."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ ஆட்டிப் பாத்தியா, பாத்து எழுதினியா?"

பார்த்துத்தான் எழுதினேன். எங்கள் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்துப் போகும் அக்காக்கள் தங்கள் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்து வீட்டுத் தங்கைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நல்ல கையெழுத்து உள்ள நோட்டுக்கு முன்பே துண்டு போட்டு வைக்க வேண்டும். ஆய்வகத்தின் பூட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திறக்கும், பரீட்சைக்குத் திறக்கும். 9.8 என்றே எழுதினால் சந்தேகம் வரும் என்று எங்களுக்கு முன்னால் யாரோ ஒரு புத்திசாலி 9.79 ஆக்கியிருந்தாள். அந்த அட்டவணையில் 32.5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 35.2 என்று இருக்கும். எவளோ கை தவறி எழுதியது. எத்தனை வருடமாக அப்படியே இறங்கி வந்ததோ, நானும் 35.2 என்றுதான் எழுதினேன். எனக்கு முழு மதிப்பெண்.

தங்கை நோட்டை என் பக்கம் திருப்பினாள். 10.8-க்குக் கீழே எழுதியிருந்தாள்: "காரணம்: குண்டை விட்டவுடனே ஒன்று என்று எண்ணிவிட்டேன். அப்போது அது ஒருமுறைகூடப் போய் வரவில்லை. நான் இருபது என்றபோது உண்மையில் பத்தொன்பதுதான்." அதற்குக் கீழே இரண்டாவது அட்டவணை. பூஜ்யத்தில் தொடங்கி எண்ணியது. 9.7.

"டீச்சர் மொதலாவத அடிக்கக் கூடாதுன்ட்டாங்க. இன்னா பாத்தியோ அத எழுது, ஏன்னு யோசி, தெரியலன்னா தெரியலன்னு எழுது, அதுக்கும் மார்க் உண்டுன்னாங்க. நூலு கீதுக்கா, நீ வேணா எண்ணிப் பாரேன்."

"எனக்கு வேலை இருக்கு" என்றேன். ஒரு வேலையும் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். தெரியலன்னா தெரியலன்னு எழுது. இந்த ஒரு வாக்கியம் பதினாறு வயதில் அவளுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

எனக்கு அது கிடைக்காததால் நடந்ததைச் சொல்கிறேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எங்கள் பிரிவில் பயிற்சிக்கு இரண்டு பெண்கள். இன்னொருத்தி நகரத்தின் அந்தப் பக்கம், நிறையப் பணம் கட்டிப் படிக்கும் பள்ளியிலிருந்து வந்தவள். மணிக்கு ஒருமுறை பம்புகளைச் சுற்றிவந்து அழுத்தமானிகளைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவது எங்கள் வேலை. ஒரு சுற்று நான், அடுத்த சுற்று அவள்.

ஒரு நாள் காலை ஒரு பம்பின் முள் 3.6-இல் நின்றது. அதற்கு மேலே இருந்த கட்டங்களில் எல்லாம் 4.2, 4.2, 4.2. முள் தவறு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. என் கண் தவறு என்றே தோன்றியது. இத்தனை பேர் 4.2 எழுதியிருக்கும்போது நான் யார்? 4.2 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். ரெக்கார்டு எழுதிப் பழகிய கை.

அடுத்த சுற்றில் அவள் பார்த்தபோது 3.1. எழுதினாள். நேராக மேற்பார்வையாளரிடம் போனாள். "சார், முள்ளு இறங்கியிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல."

அவர் என்னிடம் திரும்பினார். "ஏம்மா, போன ரவுண்டுல 4.2 இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

அந்த ஒரு சொல்லால் எல்லோரும் தவறான திசையில் போனார்கள். அழுத்தம் திடீரென்று விழுந்தது என்று எடுத்துக்கொண்டு வால்வு வால்வாகச் சோதித்தார்கள். மெல்ல மெல்ல இறங்கியது என்று தெரிந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியை. அது என் டிப்ளமோ பாடத்திலேயே இருக்கிறது. மாலை வரை வேலை நின்றது. கடைசியில் வடிகட்டிதான் அடைத்திருந்தது. நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அந்த மாதமே அவளை கன்ட்ரோல் ரூமில் போட்டார்கள். நான் இரண்டு வருடம் வெயிலில் சுற்றினேன். அவளுடைய ஏசி மேல் எனக்குப் பொறாமை இல்லை, ஆங்கிலம் மேல்கூட அவ்வளவாக இல்லை. தெரியல என்று சொல்லிவிட்டு அவள் கூச்சமே இல்லாமல் நிற்பாளே, அந்த நிற்பின் மேல்தான். எலுமிச்சை சாதத்தில் எனக்குப் பாதி வைப்பாள். எக்செல் சொல்லிக் கொடுத்தாள். அவளிடம் ஒரு குறை கிடைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இப்போது அதே நிற்பு என் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தும் வாய்ப்பும் என் கைக்கு வந்தது.

எங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் முன்னாள் மாணவி என்ற இடத்தில் இருக்கிறேன். குழு அமைத்த அன்று வேறு பழைய மாணவி யாரும் வரவில்லை, அவ்வளவுதான். பெற்றோர் பட்டியலில் அம்மாவும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மதியக் கூட்டத்தில், காலையில் இட்லிக் கடையை மூடிவிட்டு வந்த அம்மா எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மாதிரி செய்முறைத் தேர்வில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்ததுதான் பேச்சு. டிரெய்லர் லாரி ஓட்டும் ஒரு அப்பா எழுந்தார்.

"டீச்சர், கோச்சிக்காதீங்கோ. எம் பொண்ணு தப்பு தப்பா எழுதி வெச்சிகினு கீது. கேட்டா, டீச்சர்தான் அடிக்காதன்னாங்கன்றா. தப்பு பண்றதுக்கு ஸ்கூலு எதுக்கு? அத வூட்லயே பண்ணுவா."

எல்லோரும் சிரித்தார்கள். இயற்பியல் டீச்சரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அவங்களே செஞ்சதுக்குத்தாங்க மார்க் போட்டேன். முன்னாடி செய்யாததுக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம்."

"பப்ளிக்ல வர்ற மார்க்குதான காலேஜுக்கு ஆவும்?"

தலைமையாசிரியை பேசினார். தேர்வுக்குச் சில வாரங்களே இருப்பதால், குழு விரும்பினால், பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து எல்லோரும் ரெக்கார்டை முடிக்கட்டும், ஆய்வக வகுப்பைப் பாடம் திருப்பிப் பார்க்க விட்டுவிடலாம் என்றார். தீர்மானப் பதிவேடு சுற்றி வந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு என்னிடம் தள்ளினார்கள்.

நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஆய்வகத்தை மூடட்டுமே என்றுதான் நினைத்தேன். எனக்கு மட்டும் யார் திறந்துவிட்டார்கள்? நான் 9.79 எழுதித்தானே வந்தேன், இவளும் எழுதட்டும். பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

அப்போது அந்த டிரெய்லர்காரர் என்னைக் கை காட்டினார். "இதோ நம்ம இட்லிக்கட அக்கா பொண்ணு. பழைய மாரிதான் பட்ச்சுது. இன்னா கெட்டுப் பூட்ச்சி? கம்பெனில மீட்டரு பாத்துகினு கீது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

எல்லா முகமும் திரும்பியது. அம்மா முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. இனி பொறாமையை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது. கையெழுத்துப் போட்டால் நானே அத்தாட்சி.

"அண்ணே, மீட்டர் பாத்தேன். பாத்தத எழுதல" என்றேன்.

"இன்னாமா?"

சொன்னேன். 3.6, 4.2, வால்வு, வடிகட்டி, வரிசையாக. முடித்ததும் அம்மாதான் முதலில் பேசினாள். "இன்னாடி இது, எங்கிட்டயே சொல்லல நீ!"

டிரெய்லர்காரர் விடவில்லை. "அதான் ஒன்னும் ஆவலியே. வேலயும் போவல."

"போகல. ஏன்னா இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் சொல்லல. உங்க வண்டில ஆயில் பிரஷர் முள்ளு எறங்கினா இன்னா பண்ணுவீங்க?"

"ஓரங்கட்டுவேன். இல்லாங்காட்டி இன்ஜின் காலி."

"நேத்து இருந்ததையே இன்னிக்கும் இருக்குதுன்னு நினைச்சிகினு ஓட்டிட்டா?"

அவர் கையை வீசினார். "அது ரோடு. இது பரீட்ச. மார்க்கு கொறஞ்சா நீ குடுப்பியா?"

"குடுக்க முடியாதுண்ணே."

டீச்சர்தான் முடித்து வைத்தார். ஒவ்வொரு சோதனையையும் தேர்வுக்குள் இன்னொரு முறை செய்ய வைப்பதாகவும், சனிக்கிழமை காலையும் ஆய்வகத்தைத் திறப்பதாகவும் சொன்னார். முதல் தீர்மானத்தை அடித்துவிட்டு, மாணவிகள் தாங்களே கண்ட அளவை எழுத வேண்டும் என்று தலைமையாசிரியை புதிதாக எழுதினார். டிரெய்லர்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "மார்க்கு வரல, நேரா உங்க கடைக்குத்தான் வருவேன்" என்றார். "வா, இட்லி துன்னுட்டுப் போ" என்றாள் அம்மா.

வழியில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "கம்பெனில சொல்லிட்டியா?"

திங்கட்கிழமை சொன்னேன். மேற்பார்வையாளர் திட்டவில்லை. ஒரு மாதத்துக்கு என் லாக் ஷீட்டை இன்னொரு ஆள் போய்ச் சரிபார்க்க வைத்தார். அது நியாயம். கன்ட்ரோல் ரூமில் இருக்கும் அவளிடமும் சொன்னேன். "அடிப்பாவி, அன்னிக்கு நானும் உன்கூடத்தானே நாலு மணி வரைக்கும் சாப்பிடாம நின்னேன்" என்றாள். மறுநாளும் எலுமிச்சை சாதம் கொண்டு வந்தாள். பாதி வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை பரணிலிருந்து என் பழைய ரெக்கார்டை இறக்கினாள். ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு பெரிய லாரி நட்டைத் தொங்கவிட்டாள். "இன்னிக்கும் வேல கீதா?" என்றாள். இல்லை என்றேன். நூலை அளந்தேன், நட்டை இழுத்து விட்டேன். "ஒன்னு" என்றேன்.

"அக்கா!"

மறுபடியும் விட்டேன். சைபர், ஒன்னு, ரெண்டு. கணக்குப் போட்டதில் 9.4 வந்தது.

"ஏன்க்கா 9.4?"

"தெரியல" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வர நான் பயந்த அளவு நேரம் ஆகவில்லை. ஆனால் யோசிக்கத் தொடங்குவதற்குள் அவள் ஸ்கேலை எடுத்து நட்டின் மேல் வைத்துவிட்டாள்.

"நூலு முடியிற வரைக்கும்தான் அளந்துகினு கீற. நட்டோட நடு வரைக்கும் அளக்கணும்."

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். அளப்பதுதான் என் தொழில். பொறாமை ஒன்றும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. என் பழைய நோட்டில் 9.79-க்குக் கீழே 9.4 என்று எழுதினேன். அதற்குக் கீழே காரணத்தையும் எழுதினேன். காரணத்தைக் கண்டுபிடித்தது யார் என்றும் எழுத வேண்டும் என்று தங்கை பக்கத்தில் நின்று அடம்பிடித்தாள்.

எழுதினேன். கொஞ்சம் சின்ன எழுத்தில்.