அஞ்சலையக்கா வீட்டு இரவல் சேர்

அஞ்சலையக்காவின் முதியோர் பென்ஷன் மனு தள்ளுபடி ஆனதற்குக் காரணம் நான்தான். ஆர்.ஐ. சார் இல்லை, கிளார்க் சார் இல்லை, ஆபீஸைக் கூட்டுகிற நான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். திண்டிவனம் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தேன். கூட்டுவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, டீ வாங்கி வருவது. படிக்கத் தெரியாவிட்டாலும் வருகிற ஆளைப் பார்த்தே என்ன மனு என்று சொல்லிவிடுவேன். பட்டா மனு என்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். பென்ஷன் மனு என்றால் நாலாக மடித்து சுருக்குப் பையில் இருக்கும், வெற்றிலை வாசனை அடிக்கும்.

அஞ்சலையக்கா எங்கள் தெரு. புருஷன் இல்லை. ஒரே பையன் திருப்பூர் போனான், கல்யாணம் ஆனதும் போன் வருவதும் நின்றுபோனது. அக்கா மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், கூலிக்குப் போகும். முட்டி இரண்டும் வீங்கிப்போய், கொல்லையில் குந்தினால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். போகாத நாளில் ரேஷன் அரிசிக் கஞ்சி, அதுவும் தீர்ந்தால் யாராவது கொடுத்தால் உண்டு. மனு போடச் சொன்னதே நான்தான்.

விசாரணைக்கு வந்தார்கள்

மனு போட்டால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ. சார், வீட்டுக்கே வந்து பார்ப்பார். நிஜமாகவே வசதி இல்லாதவர்தானா என்று விசாரித்து எழுதுவார். செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று ஆபீஸில் என் காதில் விழுந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா பதறிவிட்டது.

"அய்யய்யோ, ஆபீசரு வர்றாரே, எங்கடி குந்த வைப்பேன்? வூட்ல ஒரு பலகை கூட இல்லியே!"

"நீ சும்மா இரு அக்கா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சேர். பக்கத்து வீட்டு டேபிள் ஃபேன், அவர்கள் ஜன்னல் வழியாகவே வயரையும் இழுத்தோம். எதிர் வீட்டுப் பூப்போட்ட பெட்ஷீட்டை ஓட்டைக் கயிற்றுக் கட்டிலின் மேல் விரித்தோம். கூல்டிரிங்ஸ், கிரீம் பிஸ்கட். சார் வந்தார், ஃபேன் காற்றில் உட்கார்ந்தார், குடித்தார், எழுதிக்கொண்டு போனார். வந்தவரை மரியாதையாக அனுப்பிவிட்டோம் என்று எனக்கு அத்தனை சந்தோஷம்!

கொஞ்ச நாளில் கிளார்க் சார் படித்துச் சொன்னார். "வசதி உள்ளது. தள்ளுபடி."

சேரும் ஃபேனும் கொண்டுவந்து நானே கெடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சமாதானம் சொன்னார்.

"விடும்மா. இதெல்லாம் குடுத்துப் பழக்கக் கூடாது. ஓசியில வந்துச்சுன்னா அப்பால எவனும் வேலைக்குப் போவ மாட்டான். படுத்துக்கினே சாப்டுவான்."

எனக்குக் கோபம் வரவில்லை. படித்தவர் சொல்கிறார், நிஜமாக இருக்குமோ என்று யோசனைதான் வந்தது. இத்தனைக்கும் நான் இரண்டு நாள் லீவு போட்டால் அந்த சாருக்குக் குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளத் தெரியாது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பார். அது வேறு கதை.

சேர் யாருடையது

மறுநாள் ஆர்.ஐ. சாருக்கு டீ கொண்டுபோனேன். டீயை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சார், அஞ்சலக்கா வூட்ல நீங்க குந்தினீங்களே, அது எங்க வூட்டு சேரு."

"என்னம்மா சொல்றே?"

"ஃபேனு பக்கத்து வூட்டுது. பெட்ஷீட்டு எதுத்த வூட்டுது. கட்டிலு மட்டும்தான் அவங்களுது சார். அதுல ஓட்டை."

சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா, நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்தேன்?"

சிரித்துவிட்டார். புது மனு கொடுக்கச் சொன்னார். "இந்த தடவ எப்ப வருவேன்னு உனக்கும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் வந்த அன்று நானும் வீட்டில்தான் இருந்தேன். அக்காவுக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சேர் கேட்டு வந்தது. "சேரு ஒடஞ்சி போச்சுக்கா" என்று பொய் சொன்னேன். கடைசியில் பக்கெட்டைக் கவிழ்த்து, மேலே ஒரு துவைத்த புடவையை மடித்துப் போட்டு, "குந்துங்க சார்" என்றது. சார் குந்தினார். பக்கெட் விரிசல் விட்டது. பென்ஷன் வந்தது.

அக்கா படுத்திருந்தது

பென்ஷன் வந்து நாலைந்து மாதம் இருக்கும். கிளார்க் சார் சொன்னது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். தெருவே கொல்லையில் இருக்கிறது, அக்கா கட்டிலில் படுத்திருக்கிறது!

"இன்னாக்கா, வேலைக்குப் போவலியா?"

"நேத்து போனேன். இன்னிக்கி முட்டி வலிக்குதுடி."

"முன்னயும்தான் வலிச்சுது. போய்க்கினுதானே இருந்த?"

"அப்ப வலிச்சாலும் போவணும். இப்ப வலிச்சா படுத்துக்கலாம். வலி இல்லன்னா போறேன். வா, குந்து."

மூலையில் புத்தம் புது சிவப்பு பிளாஸ்டிக் சேர்.

"ஏதுக்கா?"

"மொத வாங்கனது அதான். அந்த சாரு பாவம், பக்கெட்டுல குந்தினாரே. மறுபடி வந்தாருன்னா?"

ஐயோ, இதைப் பார்த்து மறுபடியும் 'வசதி உள்ளது' என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் பயந்தேன். அப்புறம் உட்கார்ந்துகொண்டேன். நல்ல சேர், ஆடவில்லை.

மறுநாள் கிளார்க் சாரிடம் சொன்னேன்.

"பாத்தியா! படுத்துக்கினு இருக்காங்க இல்ல?"

"ஆமா சார். போன வாரம் நீங்க முதுகு வலின்னு மெடிக்கல் லீவு போட்டீங்களே, அது மாதிரி."

சார் அன்றைக்கு என்னை டீ வாங்கி வரச் சொல்லவில்லை, தானே போய்க் குடித்துவிட்டு வந்தார்.

ஆபீஸில் விசாரணை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விசாரணைக்குப் போனால் சேரில் உட்காருங்கள், வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் மனசு நோகும். உட்கார்ந்த பிறகு, அது யார் வீட்டுச் சேர் என்று கேளுங்கள்.