பஞ்சவர்ணத்தின் பாலும் என் நான்கு சங்குகளும்

1. உதடு வீங்கியது

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்குக் குழந்தையின் மேலுதடு வீங்கியது. வாயைச் சுற்றி எழுந்த சிவப்புத் தடிப்புகள் கழுத்து வரை இறங்கின. குடித்த பாலை அப்படியே கக்கினான். நேரத்தை அப்போதே நோட்டில் எழுதினேன். என்னைப் பிறகு காட்டிக்கொடுத்தது அந்த நோட்டுதான்.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டை நூற்பாலை ஒன்றின் கிரீச்சில் பொறுப்பாளராக இருந்தேன். வேலைக்கு வரும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. பெண்கள் அதைப் பிள்ளைக்கொட்டகை என்பார்கள். நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் என்னை டீச்சரம்மா என்பார்கள். எல்லோரும் ரீலிங் பிரிவு. நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. பதினோரு குழந்தைகள், எட்டுத் தொட்டில்கள், பால் புகட்ட மூக்கு வைத்த எவர்சில்வர் சங்குகள் நான்கு. துணி துவைக்க ஓர் அம்மாள் வருவார். மற்ற வேலையெல்லாம் என்னுடையது.

காலையில் சங்குகளைக் கொதிக்கவைப்பேன். ஒரு பிள்ளைக்குப் புகட்டி முடித்ததும் வெந்நீரில் அலசி அடுத்த பிள்ளைக்கு எடுப்பேன். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், "ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமா இருக்கே" என்றார். அதை நான் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2. திங்கள் முதல் வெள்ளி வரை

உதடு வீங்கிய பிள்ளையின் பெயர் திருமேனி. ஐந்து மாதம். தாய் பஞ்சவர்ணம், பரளச்சிக்காரி. பிரசவ லீவு முடிந்து அந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அதுவரை தாய்ப்பால் தவிர அந்தப் பிள்ளை வேறெதுவும் குடித்ததில்லை. காலை ஒன்பதரைக்குப் பால் கொடுக்கக் கால் மணி நேரம் விடுவார்கள். அடுத்து பன்னிரண்டரைக்குத்தான் அவள் வர முடியும். பதினோரு மணிக்குப் பசித்து அழுதவனுக்கு, மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே டப்பாப் பால் கரைத்து இரண்டு மடக்குப் புகட்டினேன். உடனே தடிப்பும் வாந்தியும்.

அன்று மில் டாக்டர் வரும் நாள். "டப்பாப் பால் சேரலை போலிருக்கு. அலர்ஜியா இருக்கலாம். நிறுத்திப் பாருங்க" என்றார்.

பஞ்சவர்ணத்தின் நாத்தனார் சோலையம்மாளும் ரீலிங்கில்தான் இருந்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பேருதான் திருமேனி. மேனியைப் பாரு, கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி."

தாய்ப்பாலையே பீச்சி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். ரீலிங் பெண்கள் சிரித்தார்கள்.

"பீச்சுன பாலை எறும்பு தின்னா மாரு வத்திப்போகும் டீச்சரம்மா" என்றாள் சோலையம்மாள்.

"எறும்பு நீந்தி வந்து தின்னட்டும்" என்று, டம்ளரைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வைத்து மூடினேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை அதே தாயின் பால்தான் கொடுத்தேன். உதடு வீங்கியது.

சோலையம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இது சூட்டுப்பாலு. மிஷினுகிட்ட வெந்து வாரவ மொதப் பாலைப் பீச்சி ஊத்திட்டு, ஆறி இருந்துல்ல குடுக்கணும்? கால் மணி நேரத்துல எங்கிட்டு ஆற? இவ பாலே பிள்ளைக்குச் சேரலை."

பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். ஏதோ திருட்டுப் பொருளை மறைப்பதுபோல.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். டப்பாப் பாலுக்கும் தடிப்பு, தாய்ப்பாலுக்கும் தடிப்பு என்றதும் யோசித்தார். "ஒரு வாரம் தாய்ப்பாலை நிறுத்துங்க. ஆட்டுப்பால் குடுத்துப் பார்ப்போம்."

"சார், மடியில வச்சுக் குடுக்கிறப்ப ஒரு தடவைகூட வரலையே. அஞ்சு மாசமாக் குடிக்கிறானே" என்றேன்.

"அப்ப எதுனாலன்னு நீங்களே சொல்லுங்க."

சீட்டு எழுதி என் மேசையில் வைத்தார்.

சோலையம்மாள் பஞ்சவர்ணத்தின் தோளைத் தட்டினாள். "அழுகாதத்தா. நாளைக்கு மல்லியப்பூ வாங்கியாரேன். மாருல வச்சுக் கட்டுனா ரெண்டு நாளுல பாலு வத்திப்போகும்."

ஒரு வாரம் என்று டாக்டர் சொன்னது அவர்கள் கணக்கில் ஒரேயடியாக என்று ஆகிவிட்டது. வற்றிய பால் திரும்புவது கஷ்டம். பிறகு டப்பாப் பாலும் ஆகாத பிள்ளைக்கு என்ன கொடுப்பார்கள்?

3. ஈர்க்குக் குச்சி

அன்று பிற்பகல் பிள்ளைகள் தூங்கியதும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். நேரம், பிள்ளை, பால், அளவு என்று நான்கு பத்திகள். செவ்வாய் பதினோரு மணி, திருமேனி. புதன் பதினோரு மணி, திருமேனி. இரண்டு நாளும் அவன்தான் முதல் ஆள்; கொதிக்கவைத்து எடுத்த சங்கு. வியாழக்கிழமை தூங்கிவிட்டான் என்று கடைசியாக, பதினொன்றேகாலுக்குக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு முன்னால் மூன்று பேர் டப்பாப் பால் குடித்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் சங்கைத்தான் அலசி எடுத்திருப்பேன்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்துக் கழுவி, அலசிக் கவிழ்த்திருந்த சங்கின் மூக்குக்குள் விட்டுச் சுரண்டினேன். நுனியில் மஞ்சளாக ஏடு ஒட்டிக்கொண்டு வந்தது. பால் மாவு. இரண்டாவது சங்கிலும் வந்தது. நான்கிலும் வந்தது.

ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமான என் சங்குகள்.

ஷிப்ட் முடிந்து வந்த பஞ்சவர்ணத்திடம், "வீட்டுல மடியில வச்சே குடு. ஆட்டுப்பால் வேண்டாம். நாளைக்குச் சொல்றேன்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. நான் அப்போது டெம்பரரி. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் பாத்திரக் கடையில் புதுச் சங்கு ஒன்று வாங்கி வீட்டிலேயே கொதிக்கவைத்து எடுத்துப் போனேன். ஒன்பதரைக்குப் பஞ்சவர்ணம் வந்தாள். பின்னாலேயே சோலையம்மாள், கையில் வாழையிலைப் பொட்டலம். பூவாசம் அறை முழுக்க நிறைந்தது.

"அதை மேசையில வைங்க. கால் மணி நேரம் கழிச்சுக் கட்டலாம்" என்றேன். பஞ்சவர்ணத்திடம், "ஆற வேண்டாம். மொதப் பாலை ஊத்தவும் வேண்டாம். இப்பவே பீச்சு."

"பிள்ளையைக் கொல்லப் போறீகளா?" என்றாள் சோலையம்மாள்.

வேர்வை வடிய நின்றவள் பீச்சிக் கொடுத்த பாலைப் புதுச் சங்கில் ஊற்றித் திருமேனிக்குப் புகட்டினேன். அதே சங்கால் நான்கு தடவை குடித்தான். ரீலிங் மேஸ்திரி வாசலில் வந்து, "என்ன டீச்சரம்மா, இங்க பொம்பளைக மாநாடா? மிஷினு நிக்குது" என்றார்.

"பிள்ளை உதட்டைப் பாத்துக்கிட்டிருக்கோம். நீங்களும் பாருங்க."

அவரும் நின்று பார்த்தார். கடிகாரத்தில் ஐந்து நிமிடம், பத்து, பதினைந்து. ஒரு தடிப்பு எழவில்லை. திருமேனி ஏப்பம் விட்டு மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் சொன்னேன். மேஸ்திரி இருக்கும்போதே சொன்னேன். "பாலுல ஒண்ணுமில்ல பஞ்சவர்ணம். என் சங்குல இருந்துச்சு. டப்பாப் பால் ஒட்டியிருந்ததை நான் பாக்கல. தப்பு என்னோடது."

"அப்ப எம் பாலு நல்ல பாலுதானா டீச்சரம்மா?"

"நல்ல பாலு."

"சூட்டுப்பாலு இல்லையா?"

"இல்ல."

அவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீகளா மதினி?"

சோலையம்மாள் பொட்டலத்தைப் பிரித்து, "வாங்கியாந்த பூவை என்ன செய்ய? திரும்புடீ" என்று பஞ்சவர்ணத்தின் கொண்டையில் சுற்றிவிட்டாள். மீதி கொஞ்சம் இருந்தது. அதை எனக்கு நீட்டினாள்.

4. ஐந்தாவது பத்தி

திங்கட்கிழமை டாக்டரிடம் நோட்டையும் ஈர்க்கையும் காட்டினேன். மூன்று நாள் பக்கங்களை விரல் வைத்து வாசித்தார். தாய்ப்பாலை நிறுத்தச் சொன்ன தன் சீட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்தார். டப்பாப் பால் பட்ட பாத்திரம்கூட இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று புதிதாக எழுதி, மானேஜருக்கும் ஒரு வரி எழுதினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிச் சங்கு வந்தது. அவற்றை மாட்டச் சுவரில் பதினோரு ஆணி அடித்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினேன். சங்கின் மூக்கைச் சுரண்ட ஈர்க்குக்கட்டு ஒன்றும் தொங்கியது. என்னை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுவதும் ஒரு பிள்ளையின் சங்கு இன்னொரு பிள்ளையின் வாய்க்குப் போனதில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னதை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள இதுவே போதுமாக இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நேரத்தை எழுதினேன், பிள்ளையை எழுதினேன், பாலை எழுதினேன், அளவை எழுதினேன். சந்தேகப்பட வேண்டிய எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை நோட்டில் ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்தேன். அதன் தலைப்பு: "எந்தச் சங்கு, யார் கழுவியது."