ஹில்டெஸ்ஹைமில் ஒரு முழங்கால் நேர்த்தி

காலை 9.55. ஹனோவரிலிருந்து ஹில்டெஸ்ஹைம் சுமார் முப்பது கிலோமீட்டர். ரயிலில் அரை மணி நேரம். நான் டார்ம்ஸ்டாட்டில் கட்டுமானப் பொறியாளன். விடுமுறை கிடைத்தால் பழைய சுவர்களைத் தட்டிப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். இம்முறை ஆயிரம் வருடத்துப் புனித மிக்கேல் தேவாலயம். உடன் வந்த அந்தோனி அண்ணைக்கு அங்கே வேறு வேலை இருந்தது. மன்னார்க்காரர், ஹனோவரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நான் தங்கியிருந்த வீட்டுக்காரர்.

மூன்று வருடம் முன்பு அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, மனைவி மேரி அக்கா நேர்ந்துகொண்டார். அண்ணை பிழைத்தால் மிக்கேல் கோயிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தான் முழங்காலில் போவதாக. அண்ணை பிழைத்தார். அக்கா இந்தப் பங்குனியில் காலமாகிவிட்டார்.

"எல்லாத்துக்கும் முதலே டெர்மின் எடுத்து, நாள் நேரம் குறிச்சு வைக்கிற மனுசி. இதுக்கு மட்டும் பிந்திட்டா. இனி நான்தான் முடிக்கவேணும்" என்றார் ரயிலில்.

"அண்ணை, உங்க ஹார்ட் தாங்குமா?" என்று கேட்டேன்.

10.50. நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. வெளியே ஆறு கோபுரங்கள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே சொல்ல முடியாத, கோட்டை மாதிரியான கட்டடம். உள்ளே ஒரு சதுரத் தூண், இரண்டு உருளைத் தூண்கள், மறுபடி ஒரு சதுரத் தூண் என்று வரிசை போகிறது. மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். இதைக் கட்டத் தொடங்கிய ஆயர் 1022இல் இறந்தார். கீழே நிலவறையில் அவர் கல்லறை. மற்றவர்கள் கட்டி முடித்து 1033இல் அர்ச்சித்து வழிபாட்டுக்குத் திறந்தார்கள். 1945இல் குண்டு விழுந்து நொறுங்கியதை மறுபடி எழுப்பினார்கள். முன்பே கழற்றி வைத்திருந்ததால் மர விதானத்தின் ஓவியம் தப்பியது. இன்று நிலவறை கத்தோலிக்கருக்கு, மேல்தளம் லுத்தரன் சபைக்கு.

விதானத்தைக் கழுத்து வலிக்காமல் பார்க்கச் சக்கரம் வைத்த கண்ணாடி உண்டு. ஆதாமையும் ஏவாளையும் அதில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கல்தரையில் முழங்கால் இடிக்கும் சத்தம் கேட்டது.

தேவாலயத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி ஓடினார். ஒரு முனையில் தொடங்கிய அண்ணை பாதி வழியில் முழங்காலில் இருந்தார், காலணியைக் கழற்றிவிட்டு. விழுந்துவிட்டார் என்று நினைத்து அந்த அம்மாள் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"எழுப்பவேண்டாம் எண்டு சொல்லுங்கோ தம்பி! காலூண்டினால் திரும்பவும் முதலிலயிருந்து துவங்கவேணும். அது என்னால ஏலாது!"

எனக்கு வாயில் ஜெர்மன் வரவில்லை. இவர் மனைவி, இவருக்காக, கடவுளுக்கு ஒரு வாக்கு என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அந்த அம்மாள் கையை எடுத்தார்.

"எங்கள் சபையில் இந்த வழக்கம் இல்லை" என்றார். பிறகு, வழியில் நீட்டிக்கொண்டிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கினார்.

தூண்களை எண்ணுவதற்காக வந்தவன் நான். இப்போது ஒவ்வொரு தூணையும் அவர் எப்போது கடப்பார் என்றிருந்தது. அண்ணை நின்றார், மூச்சு வாங்கினார், நகர்ந்தார். உதடுகள் வெளுத்திருந்தன. நேர்த்தியில் நம்பிக்கை இல்லாத நான் அந்தக் கடைசிப் பத்து மீட்டருக்கு வேண்டிக்கொண்டேன். யாரை என்று தெரியாது.

11.40. மறுமுனைச் சுவரில் அவர் கை பட்டது. அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணை குடித்தார், ஆனால் எழவில்லை.

"அண்ணை, முடிஞ்சிருச்சு. எழுந்திருங்க" என்று கையை நீட்டினேன்.

"ஓம், முடிஞ்சுது" என்றார். "அவவுக்கெண்டு செய்ய எனக்கு இது ஒண்டுதான் மிச்சம் இருந்தது, தம்பி. கொஞ்சம் பொறுங்கோ."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.