இரண்டு கோடு போட்ட கல்யாணம்

கவுஞ்சி மலைக்கிராமத்தில் பாண்டிச்செல்வி தும்மினால் கொடைக்கானல் ஏரியில் படகு ஆடும். பூண்டு மூட்டையைக் கைப்பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு ஏறுவாள். அப்படிப்பட்டவளுக்கும் ஒரு பயம் இருந்தது. அவள் அப்பாவோடு பிறந்த அத்தைகள் இருவருக்குமே மார்பில் புற்றுநோய். மூத்தவர் போய்விட்டார். பிழைத்த சின்ன அத்தையைச் சோதித்த மதுரை ஆஸ்பத்திரியில், இது பரம்பரையாக இறங்கும் மரபணுக் கோளாறு, சொந்தக்காரர்களும் வந்து ஆலோசனை கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"எனக்கு இருந்தா நம்ம தமிழ்மதிக்கும் வருமா? அது தெரிஞ்சாகணும்" என்று கிளம்பினாள். தமிழ்மதி பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள்.

புருஷன் பழனிமுத்து அந்த மூத்த அத்தையின் மகன்தான். "பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கென்ன சோலி? பை தூக்க வாரேன்" என்றான். பையில் ஆலோசகருக்கு மலைப்பூண்டு. அதன் வாசத்துக்கு வத்தலக்குண்டிலேயே பாதி பஸ் காலி.

ஆலோசகர் சத்தியபிரியா குடும்பத்தையே காகிதத்தில் வரைந்தாள். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம்.

"மச்சான், உங்களைப் பெட்டிக்குள்ள போட்டு அடைச்சிட்டாங்க!"

"சும்மா இரு புள்ள."

அவர்கள் இருவருக்கும் நடுவே மட்டும் இரண்டு கோடு விழுந்தது. "எல்லாருக்கும் ஒத்தக் கோடு, எங்களுக்கு ஏங்க ரெண்டு? சண்டை சாஸ்தின்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

சத்தியபிரியா சிரித்துவிட்டாள். "சொந்தத்துல கட்டினா ரெண்டு கோடுக்கா. உங்களுக்கு அப்பா வழியா வந்திருக்கலாம். அண்ணனுக்கு அவங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். விருப்பப்பட்டா ரெண்டு பேருமே ரத்தம் குடுங்க."

பை நழுவியது. "எனக்கா? நான் ஆம்பளைங்க!"

"மரபணுவுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே."

ஊசியைப் பார்த்ததும் அவன் பிடித்த பிடியில் பாண்டிச்செல்வியின் வளையல் பொடிப்பொடியானது.

பூண்டு பிடுங்கி முடித்த சமயம் முடிவு வந்தது; வாங்க இருவரும் மறுபடி மதுரைக்குப் போனார்கள். அவளுக்கு இல்லை. அவனுக்கு இருந்தது. தனக்கு இருந்தால் சொல்லிச் சிரிக்கப் பத்து வண்டி கேலியைத் தயாராக வைத்திருந்தவள், அவன் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நோய் வந்திருச்சுன்னு அர்த்தம் இல்லண்ணே" என்றாள் சத்தியபிரியா. "வர்ற வாய்ப்பு கூடுதல். டாக்டர் சொல்ற மாதிரி மார்பையும் புராஸ்டேட்டையும் சோதிச்சுக்கிட்டே இருங்க. மகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பதினெட்டு வயசு ஆகட்டும், சோதிக்கணுமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

பஸ்ஸில் பழனிமுத்து மெல்லச் சொன்னான்: "மதிகிட்ட சொல்லாத பாண்டி. கட்டிக்குடுக்க வேண்டிய புள்ள."

"உங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வெள்ளனே வைத்தியம் பாத்து, இன்னிக்கும் என்னைய ஏசிக்கிட்டு உக்காந்திருக்கும். அது இல்லாம வீடு வெறிச்சுன்னு கெடக்கு. மதிகிட்ட நீங்களே சொல்லுங்க மச்சான்."

மறுநாள் பூண்டு வயலில் வைத்துச் சொன்னான். தமிழ்மதி முழுவதும் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பப்பா செக்கப்?"

"அடுத்த மாசம்மா."

"நானும் வாரேன், பை தூக்க. எனக்குப் பதினெட்டு ஆனதும் நீங்க வந்து தூக்கணும்."

பாண்டிச்செல்வி சிரித்த சிரிப்பில் எட்ட இருக்கும் பூம்பாறை ஊர் மாடெல்லாம் மேய்ச்சலை நிறுத்தித் திரும்பிப் பார்த்தன.