பெரியப்பாவின் தலைமாட்டில் வைத்த செருப்பு

என் பிள்ளைகளுக்கும், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும்,

என் அண்ணன் போய்ப் பதினாறு நாளாகிறது. "ஏன் நைனா பெரியப்பாவ எழுப்பல?" என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

உங்கள் பெரியப்பா வடமாலபேட்டையில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எங்கள் நைனாவின், அதாவது உங்கள் தாத்தாவின், கள்ளுக்கடையில் நின்றவர். ரோட்டோரக் கொட்டகைதான். ஆனால் லாரி டிரைவர்களும் நகரி தறிக்காரர்களும் தமிழும் தெலுங்குமாகச் சண்டை போட்டு, அதே பெஞ்சில் சமாதானமும் ஆனார்கள். கல்யாணப் பேச்சுகூட அங்கே முடிந்திருக்கிறது. இத்தனை வருடம் ஊற்றிக் கொடுத்தவர், ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை.

எங்கள் நைனா காலத்தில், பெஞ்சில் தூங்கிய ஒருவரைப் பெரியப்பா எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார். ரோட்டைக் கடக்கும்போதே அவரை லாரி அடித்துவிட்டது. அன்றிலிருந்து, தூங்குகிறவரை யாரும் எழுப்பக் கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துண்டைப் போர்த்தி, செருப்பைத் தலைமாட்டில் வைக்க வேண்டும். தெளிந்து தானாக எழுந்து போகட்டும்.

அன்று மத்தியானம் நான் ரேணிகுண்டாவிலிருந்து வந்தபோது பெரியப்பா பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"சத்தம் போடாதீங்கடா, ஓனர் தூங்கிக்கினு கீறாரு" என்றார் ஒரு தறிக்காரர்.

"இத்தினி வருஷம் கயிச்சி இன்னிக்கித்தான் டேஸ்ட் பாத்துட்டாரு போல" என்றார் பக்கத்திலிருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துண்டைப் போர்த்தி, அவர் செருப்பைத் தலைமாட்டில் வைத்தவனும் நான்தான்.

வாசலில் மீன் வறுக்கும் கன்னியம்மா கரண்டியோடு உள்ளே வந்தார்.

"குடிக்காத மனுஷன் பட்டப்பகல்ல இன்னாத்துக்குயா தூங்குறாரு? தொட்டுப் பாரு!"

தொட்டேன். அந்த வெயிலிலும் அவர் கை சில்லென்றிருந்தது.

மாரடைப்பு, உடனே போயிருப்பார், எழுப்பியிருந்தாலும் பலனில்லை என்றார் டாக்டர். உங்கள் பெரியம்மாவும் அதையே சொல்லி என்னைத் தேற்றுகிறார். நான் சிரித்த சிரிப்புதான் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய டிரைவர்களுக்கும், தறியை நிறுத்திவிட்டுக் காரியம் முடியும்வரை உடனிருந்த நகரிக்காரர்களுக்கும், முக்கியமாகக் கன்னியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நேற்றுக் கடையைத் திறந்தோம். ஒருவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினார். கிட்டே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "உம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் செருப்பை எடுத்து வைத்தேன்.